முன்னறைக்கு வருகிறவர்கள்

திங்கட்கிழமை காலை வாசல் மணி அடித்தபோதுதான், புருஷன் இறந்துபோனதை இன்னும் யாருக்குச் சொல்லவில்லை என்பது பல்லுக்காரிக்கு உறைத்தது. சொந்தபந்தங்களுக்குச் சொல்லியாயிற்று. பழைய ஆஸ்பத்திரிச் சிநேகிதர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லியாயிற்று. செய்தித்தாள் போடுகிறவர்கூட ஒரு நிமிஷம் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனார். முன்னறைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. அவர்கள் யார் எவர் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாதே, எப்படிச் சொல்வது?

பல்லுக்காரி என்பது புருஷன் வைத்த பெயர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுப்பது அவள் தொழில். பின்னறையில் மெழுகும் பிளாஸ்டரும் தேய்க்கிற மோட்டாரும் அவளுடையவை. முன்னறை அவருடையது. வாழ்க்கை பிடிபடாமல் போனவர்கள் அங்கே வந்து உட்கார்ந்து பேசுவார்கள். சாவு பயமாக இருக்கிறது என்பார்கள், எதற்காக இருக்கிறோம் என்றே தெரியவில்லை என்பார்கள், கட்டிலில் பக்கத்தில் ஆள் இருந்தும் தனியாகக் கிடக்கிறேன் என்பார்கள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். இருத்தலியல் உளசிகிச்சை என்று அவர் படித்த படிப்புக்குப் பெயர். எதிர்வீட்டுக்காரருக்கு அது வாயில் நுழையவில்லை. "முன்னால வாயைத் திறக்க வைக்கறாங்க, பின்னால பல்லு கட்டறாங்க. ஒரே வீட்ல முழு வைத்தியம்" என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வார்.

ஆரம்பத்தில் புருஷன் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தார். இனித் தேறமாட்டார்கள் என்று எழுதப்பட்டவர்களைப் போடுகிற வார்டு. தைரியம் சொல்வதற்கென்று அவரை வைத்திருந்தார்கள். அவருக்கு அது மட்டும் வரவில்லை. நான் பிழைப்பேனா என்று ஒரு நோயாளி கேட்டபோது, "பிழைக்கமாட்டீங்கன்னு தெரிஞ்சா நாளைக்குக் காலையில யாரைக் கூப்பிடுவீங்க?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். நோயாளி யாரையோ கூப்பிட்டுப் பேசி, ஒரு பழைய பகையைத் தீர்த்துக்கொண்டு, அமைதியாகத்தான் போனார். ஆனால் பிள்ளைகள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். பெரிய டாக்டர் கூப்பிட்டு, இனி 'எல்லாம் சரியாயிடும்' என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். இவர் அன்று மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவள் பிளாஸ்டர் குழைத்துக்கொண்டிருந்தாள். "முன்னறையை எனக்குத் தர்றியா?" என்று கேட்டார். "சோபாவை எங்க போடறது?" என்று கேட்டாள். அவருடைய தொழில் மாறியது அவ்வளவு பேச்சில்தான்.

முதலில் கொஞ்ச காலம் ஈ காக்கை வரவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு முன்னறையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கச் சகிக்காமல், மெருகேற்றும்படி அவள் பல்செட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் வருஷக்கணக்கில் வந்தார்கள்.

அவர்களுக்காக வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. முன்னறைக் கதவு சாத்தியிருக்கும் நேரம் மோட்டார் ஓடக்கூடாது, நடையில் யாரும் குறுக்கே போகக்கூடாது. வந்தவர் யார் என்று கேட்கவே கூடாது. அவர் குறிப்பும் எழுதமாட்டார். "அவங்க சொன்னது அவங்களோடதாவே இருக்கட்டும். நான் எழுதிட்டா என்னோடதாயிடும்" என்பார். அடுத்த வாரம், இதே நேரம் என்று வாயால் சொல்வதோடு சரி. அதனால் பல்லுக்காரியின் வேலையும் அதற்கேற்றபடி இரண்டாகப் பிரிந்துபோயிற்று. முன்னறையில் ஆள் இருந்தால் மெழுகில் பல் பதிக்கிற சத்தமில்லாத வேலை. ஆள் போனதும் மோட்டாரைப் போட்டுத் தேய்ப்பது. வருகிறவர்களைச் சத்தத்தால்தான் அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை இருமல்காரர். செவ்வாய்க்கிழமை செருப்பை இழுத்து நடப்பவர். வெள்ளிக்கிழமை யாரோ துரத்துவதுபோல் ஓட்டமாக வரும் ஒரு காலடி.

அந்த வெள்ளிக்கிழமைக் காலடியைப் பற்றி மட்டும் அவளுக்கு ஓரளவு தெரியும். அன்று காலையில் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பார். அந்த ஆள் வந்து பேசிவிட்டுப் போனபிறகு அடுப்படிக்கு வந்து, கிடைத்ததை நின்றபடியே அள்ளி அள்ளிச் சாப்பிடுவார். "வந்தாங்களா?" என்பாள். "வந்தாங்க" என்பார். உயிரோடிருக்கலாமா வேண்டாமா என்று ஊசலாடுகிற யாரோ என்பது அவளுக்கு அதிலேயே விளங்கும்.

போன சனிக்கிழமை காலையில் அவர் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொட்டுகிற சத்தம் நிற்கவேயில்லை. "என்னங்க, கனவு கண்டுக்கிட்டு நிக்கறீங்களா, மூடுங்க அதை" என்று பின்னறையிலிருந்தே குரல் கொடுத்தாள். பிறகும் நிற்கவில்லை. எரிச்சலோடு போய்ப் பார்த்தால் அவர் தரையில் கிடந்தார். கோப்பை உடையாமல் பக்கத்தில் கிடந்தது. நெஞ்சுக்குள் பெரிய ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்றார் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர். அதை அவள் மகளிடம் மட்டும்தான் சொன்னாள். மற்றவர்களுக்கு 'திடீர்னு' என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள்தான் இந்த மணி.

கதவைத் திறந்தாள். தூறலில் நனைந்த தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கனத்த ஆள் ஒருவர் நின்றார். அவளைப் பார்த்ததும் ஒரு படி கீழே இறங்கிக்கொண்டார். இருமினார். அந்த இருமலை அவளுக்குத் தெரியும். முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள்.

"சார் இல்லைங்களாம்மா? எப்பவும் அவர்தான் திறப்பாரு."

"உள்ள வாங்க."

"பரவால்லம்மா. வேலையா இருந்தா அடுத்த வாரம் வர்றேன்."

"அவர் சனிக்கிழமை இறந்துட்டாரு."

அந்த மனிதர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அந்த ரத்தக்குழாயா?" என்றார்.

அவள் தலையாட்டினாள். ஆட்டி முடித்தபிறகுதான் கேள்வி உள்ளே போய் விழுந்தது. ரத்தக்குழாய் என்கிறார். அதுவும், அந்த ரத்தக்குழாய் என்கிறார்.

"உங்களுக்கு யார் சொன்னது?"

"சார்தாம்மா."

"எப்ப?"

"மழை பிடிக்கறதுக்கு முன்னாடியே. வந்து உக்காந்ததும், இன்னைக்கு முதல்ல நான் பேசணும்னாரு. நெஞ்சுக்குள்ள ரத்தக்குழாய் வீங்கியிருக்கு, கத்தி வைக்க முடியாத இடம், இன்னைக்கும் வெடிக்கலாம், ரொம்ப வருஷம் இப்படியே ஓடினாலும் ஓடலாம்னாரு. என்னை நம்பி வர்றீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், வேற ஆளைப் பாக்கறதுன்னா நானே ஏற்பாடு பண்றேன்னு சொன்னாரு." அவர் தொப்பியைப் பிழிந்தார். "நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவம்மா. கம்பி தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சா லிஃப்டை நிறுத்திட்டுத்தான் மறு பேச்சு. அதையே அவர்கிட்டயும் சொன்னேன். சார், கொஞ்ச நாள் ஓட்டாம நிறுத்தி வைங்கன்னு. விழுந்து விழுந்து சிரிச்சாரு."

அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சு அறுந்தது.

"அம்மா, உங்களுக்குத் தெரியும்ல?"

அவள் கதவின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். லிஃப்ட்காரர் இன்னும் ஒரு படி இறங்கினார். இன்னும் ஒரு படி. மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ முனகினார். தெருமுனை திரும்பும்வரை அவருடைய இருமல் கேட்டது.

அடுப்படியில் புருஷனுடைய தங்கை முட்டை அவித்துக்கொண்டிருந்தாள். துக்கத்துக்கு வந்தவள் போகாமல் தங்கியிருந்தாள். நீளமான நாக்கு, ஆனால் கை அதைவிடச் சுறுசுறுப்பு. வந்த நிமிஷத்திலிருந்து வீட்டு வேலை முழுவதும் அவள் கையில்தான். மகள் மேஜையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று பல்லுக்காரி மகளைக் கேட்டாள்.

"என்னதும்மா?"

நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல மகளின் முகம் வெளுத்தது.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா உன்கிட்ட சொல்லாம இருப்பேனா?"

"உங்கப்பா இருந்தாரே."

"நான் அப்பா இல்லம்மா."

"நீயும் அவரும் உக்காந்தா மணிக்கணக்கா பேசுவீங்களே."

"என்னைச் சந்தேகப்படறியா? நேத்து அவரை வழியனுப்பிட்டு வந்து இன்னைக்கு என்னை விசாரிக்கறியா?" மகள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

"என்னையும் கேட்டுடாதீங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "எங்கண்ணன் சட்டை அளவைக்கூட என்கிட்ட சொன்னதில்ல. ஊருக்கெல்லாம் வாயைத் திறக்கக் கத்துக் குடுத்துட்டு வீட்ல பூட்டுப் போட்டுக்கிட்டிருந்தானா?" சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தாள். அணைத்தவள் அங்கேயே நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பல்லுக்காரி பின்னறைக்குப் போனாள். குழைத்து வைத்த பிளாஸ்டர் கிண்ணத்திலேயே இறுகிப்போயிருந்தது. இன்னொரு கிண்ணம் குழைத்தாள். அதையும் மறந்தாள். மேல்வரிசைப் பற்களைக் கீழ் அச்சில் வரிசையாகப் பதித்து வைத்திருந்ததைச் சாயங்காலம்தான் கவனித்தாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தப்பு அவள் கையிலிருந்து வந்ததில்லை.

மழைக்கு முன்பிருந்தே என்றால் எத்தனையோ காலைகள். எத்தனையோ சாப்பாட்டு வேளைகள். பிளாஸ்டர் மூட்டையைத் தூக்கிவைக்கச் சொன்னபோது அவர் அசையாமல் நின்றது ஞாபகம் வந்தது. "கிழவனாயிட்டீங்க, இதைக்கூடத் தூக்க முடியல" என்று குத்திக்காட்டினாள். "ஆமா" என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இப்போது அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை செருப்பை இழுத்து நடப்பவர் வந்தார். அவருக்கும் தெரிந்திருந்தது. அதற்கு அடுத்து வந்த கண்ணாடி போட்ட இளைஞனுக்கும் தெரிந்திருந்தது. வியாழக்கிழமை வந்த வயதான தம்பதி, "எங்களைவிடச் சின்னவர், எங்களுக்கு முன்னாடி போகமாட்டேன்னு பந்தயம் கட்டினாரு" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் அதே இடத்தில் வந்து திகைத்தார்கள். உங்களுக்குத் தெரியாதா என்று வாயால் கேட்டவர்களும் உண்டு, கண்ணால் கேட்டவர்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் கன்னத்தில் புதிதாக ஓர் அறை விழுந்ததுபோல இருந்தது. அவர் செத்துப்போனது பாதிதான் மனசில் ஏறியிருந்தது. அதற்குள் இது வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் படுத்திருந்தவர் இருக்கிற பாரத்தையெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இறக்கி வைத்துவிட்டு, வெறும் ஆளாக வந்து படுத்திருக்கிறார்.

"நாளைக்கு நான் கதவைத் திறக்கப்போறதில்ல" என்று வியாழக்கிழமை சாயங்காலம் சொன்னாள்.

"அந்த வெள்ளிக்கிழமை ஆளுக்கா?" என்றாள் நாத்தனார். "அப்படி விட்டுடலாமா அண்ணி? அண்ணன் அன்னைக்கு மட்டும் சாப்பிடாம இருப்பான்னு நீங்கதானே சொன்னீங்க. ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"வெளியூர் போயிருக்கார்னு சொல்லுங்க. கொஞ்ச நாள் கழிச்சு மெல்லச் சொல்லிக்கலாம்."

"அவர் ஆஸ்பத்திரி வேலையை எதுக்கு விட்டாருன்னு உனக்குத் தெரியாதா?"

"அவன் உத்தமன்தான். கட்டின பொண்டாட்டிக்கிட்ட மறைச்ச உத்தமன்." நாத்தனார் தட்டுகளை அடுக்கினாள். "இங்க பாருங்க அண்ணி. உங்க கோவம் உங்களுக்கும் அவனுக்கும். நாளைக்கு வர்றது யார் பெத்த பிள்ளையோ. நல்லதா நாலு வார்த்தை சொல்லி அனுப்புங்க."

வெள்ளிக்கிழமை காலையில் பல்லுக்காரிக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். தூறல் விட்டு, தெருவில் ஈரம் மட்டும் இருந்தது. ஓட்டமாக வந்த காலடி வாசலில் நின்றது. மணி அடிக்கவில்லை, கதவைத்தான் தட்டினார்கள். திறப்பதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"சார், நான் சொல்லிட்டேன். நேத்தே சொல்லிட்டேன்."

நடுவயதுப் பெண். ரொட்டிக் கடையின் மேலங்கி, முழங்கைவரை மாவு. அடுப்பிலிருந்து நேராக ஓடி வந்திருக்கிறாள். அவரில்லை என்று கண்டதும் முகம் அப்படியே உறைந்தது.

"சார் எங்க?"

"உள்ள வந்து உக்காருங்க."

"உக்கார வெச்சுச் சொல்ற விஷயம்னா நின்னுக்கிட்டே கேட்டுக்கறேன். சொல்லுங்க."

"சனிக்கிழமை இறந்துட்டாரு. அந்த ரத்தக்குழாய்தான்."

அந்தப் பெண் அழவில்லை. தானாகவே முன்னறைக்குள் போனாள். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மாவுக் கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். பல்லுக்காரி எதிரில் உட்கார்ந்தாள். உள்கதவுக்குப் பின்னால் நாத்தனார் வந்து நிற்பது கேட்டது.

"நீங்க அவங்கதானே? பல்லு செய்யறவங்க."

"ஆமா."

"உங்ககிட்ட சொன்னாரா?"

"என்னத்தை?"

"அந்த ரத்தக்குழாய் விஷயத்தை. சாகறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிட்டாரில்ல?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம்." அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ரொம்ப நாளா எனக்கு இருக்கவே பிடிக்கலைங்க. காரணம்னு ஒண்ணும் இல்ல. மாவு பிசையறேன், ரொட்டி வேகுது, வித்துப்போகுது, மறுநாள் மறுபடியும் பிசையறேன். ஒருநாள் இல்லேன்னா ஒருநாள் போயிடுவேன்னு இருந்தேன். வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவர் நல்ல மனுஷன். அவர்கிட்ட சொல்லுங்கன்னு சார் வாராவாரம் சொல்வாரு. மாட்டேன்னுடுவேன். அப்புறம் இந்த ரத்தக்குழாய் சமாச்சாரத்தைச் சொன்னாருல்ல, உங்க வீட்ல தெரியுமான்னு கேட்டேன். இல்லைன்னாரு. எனக்கு வந்ததே கோவம். எங்களையெல்லாம் பேசு பேசுங்கறீங்க, நீங்க மட்டும் ஏன் சொல்லலன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"பயமா இருக்குன்னாரு."

வாசலில் ஒரு வண்டி போயிற்று.

"உங்ககிட்ட சொல்றது என் வேலை, அதுல கஷ்டமில்லன்னாரு. வீட்ல அவ என்னைத் திட்டறா, மூட்டையைத் தூக்கச் சொல்றா, கிழவன்னு கிண்டல் பண்றா. சொல்லிட்டா அதையெல்லாம் நிறுத்திடுவா. தட்டை எடுத்து கையில குடுப்பா, மெதுவா நடங்கம்பா. அன்னைக்கே நான் பாதி செத்த மாதிரி ஆயிடும்னாரு. தப்புதான், ஆனா முடியலன்னாரு. சாரே அப்படி உக்காந்து சொன்னப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. சரி, நான் என் வீட்ல சொல்றேன், நீங்க உங்க வீட்ல சொல்லுங்கன்னேன். கை குடுத்தாரு. போன வெள்ளிக்கிழமைதான். அடுத்த வாரம் ரெண்டு பேரும் வந்து சொல்லிக்கணும்னு பேச்சு." அவள் நிமிர்ந்தாள். "நான் சொல்லிட்டேன். அவரும் சொல்லிட்டாருல்ல?"

உள்கதவுக்குப் பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ஆமாம் என்று சொல்லுங்களேன் என்கிற செருமல். ஒரே ஒரு சொல்தான். அதைச் சொன்னால் எதிரில் இருக்கிற பெண் நிம்மதியாக எழுந்து கடைக்குப் போவாள். அவர் வாக்குக் காப்பாற்றினவராக ஆகிவிடுவார். தானும்கூட, சொல்லப்பட்டவளாக ஆகிவிடலாம். வெள்ளிக்கிழமை கை கொடுத்தவர் அன்று சாயங்காலம் என்ன செய்தார் என்று யோசித்துப் பார்த்தாள். பின்னறை வாசலில் வந்து நின்றார். "என்ன வேணும்?" என்று தலை தூக்காமலே கேட்டாள். ஒன்றுமில்லை என்று போய்விட்டார்.

"சொல்லல" என்றாள் பல்லுக்காரி. "உங்களை மாதிரி வந்தவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

அந்தப் பெண் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"அப்ப என்னை மட்டும் சொல்ல வெச்சிட்டுப் போயிட்டாரா?"

"ஆமா."

"பொய்யில்ல இது? கையைக் குடுத்துட்டு இப்படிப் பண்ணா என்ன அர்த்தம்?" அவள் எழுந்துவிட்டாள். "நான் கிளம்பறேன். யாரை நம்பி நான் இங்க வந்துக்கிட்டிருந்தேன்?"

பல்லுக்காரியும் எழுந்தாள். இந்தக் காலடி வாசலைத் தாண்டினால் எங்கே போகும் என்று தெரியாது. அவர் என்ன சொல்லி இவளை உட்கார வைப்பார் என்பதும் தெரியாது. இத்தனை வருஷம் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கமே இருந்துவிட்டாள். எட்டி அந்த மாவுக் கையைப் பிடித்தாள்.

"அவரை விடுங்க. எனக்கும் அவர் மேல அவ்வளவு கோவம் இருக்கு. நீங்க சொன்னீங்களே, உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?"

அந்தப் பெண் கையை உருவிக்கொள்ளவில்லை.

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேவா?"

"கத்துவாருன்னு நினைச்சேன். இல்ல, நான் என்ன குறை வெச்சேன்னு கேப்பாருன்னு நினைச்சேன். அவர் பாட்டுக்கு ஷூவைக் கழட்டிக்கிட்டிருந்தாரு. ஒரு ஷூ கால்லயே இருக்கு. அப்படியே நிமிர்ந்து, 'இத்தனை நாள் தனியாவா வெச்சிருந்த?'ன்னு கேட்டாரு." அவள் குரல் உடைந்தது. "அவ்வளவுதான் கேட்டாரு. அப்புறம் ரெண்டு பேரும் அப்படியே உக்காந்திருந்தோம்."

அவள் மறுபடி நாற்காலியில் சரிந்தாள். சத்தமில்லாமல் அழுதாள். மாவும் கண்ணீரும் முகத்தில் கோடு கோடாக இறங்கின. பல்லுக்காரி பிடித்த கையை விடவில்லை.

இந்த வாரம் முழுவதும் அவரிடம் கேட்பதற்கென்று அவள் கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தாள். நான் உங்களுக்கு யார், எப்படி என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடிந்தது, முன்பின் தெரியாதவர்கள் வாசலில் வந்து சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா. எல்லாம் அடுக்கடுக்காகத் தொண்டைவரை வந்து நின்றன. இப்போது அவற்றில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. பின்னறை வாசலில் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனவரின் முதுகுதான் தெரிந்தது.

"இத்தனை நாள் தனியாவா வெச்சிருந்தீங்க?" என்றாள்.

ரொட்டிக் கடைப் பெண் தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துத் தலை நிமிர்ந்தாள். பல்லுக்காரியின் பார்வை தன் மேல் இல்லை என்று கண்டபிறகும், எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.